ஒற்றைக்கால் விண்ணப்பம்

கோச்சிங் அண்ணாச்சி இல்லாத தொழிலே இப்போது தென்காசி மாவட்டத்தில் கிடையாது. வற்றல் மண்டியில் ஒருவர் இருப்பார், மெட்ரிக் பள்ளிக்கூடத்து ஆபீஸ் ரூமில் ஒருவர், பஸ் கம்பெனியில் டிக்கெட் கணக்குப் பார்க்கிற இடத்தில் ஒருவர். சங்கரன்கோவிலில் இவருடைய அசல் வார்ப்பைப் பார்க்க வேண்டுமானால் விசைத்தறிச் சேலை மொத்த வியாபாரக் கடைக்குத்தான் போகவேண்டும். உள்ளே நூல் மூட்டைகளுக்கும் சாமி படத்துக்கும் நடுவில், கம்ப்யூட்டருக்குப் பின்னால் பாதி தெரிகிற தலை அவருடையது. நாற்பதை ஒட்டிய வயது. சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று அவர் எழுத. இன்னொன்று, முதலாளி திடீரென்று கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டால், பேனா தேடுகிற நேரத்தில் அவர் மனசு மாறிவிடக் கூடாதே என்பதற்காக.

காலை ஐந்தரை மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் உதயசூரியன் படமும் தன்னம்பிக்கை வாசகமும் ஏற்றுவார். ஏற்றிவிட்டு மறுபடி படுத்து ஏழரைக்கு எழுந்திருப்பார். லிங்க்ட்இன்னில் இவருக்கு வேறொரு பிறவி உண்டு. அங்கே கணக்குப்பிள்ளை 'ஆபரேஷன்ஸ் லீட்' ஆகிவிடுகிறார். லாரியில் வந்த நூல் கட்டுகளை எண்ணி இறக்குவது சப்ளை செயின். வெளியூர்ப் பார்ட்டியிடம் ஆறு மாதப் பாக்கியைக் கெஞ்சி வாங்குவது ரிலேஷன்ஷிப் மேனேஜ்மென்ட். கரண்ட் போய்த் தறி நின்றால் எல்லோரும் வெளியே வந்து டீ குடிப்பதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். நீளமான பெயர், அதைச் சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிடும்.

இத்தனைக்கும் ஆள் பேராசைக்காரர் இல்லை. சம்பளம் கூட்டிக் கேட்டுப் பார்த்து அலுத்தவர். சம்பளம் என்றதும் முதலாளி நூல் விலையைப் பேச ஆரம்பிப்பார். நூல் விலை ஏறியிருந்தால் கட்டுப்படி ஆகவில்லை. இறங்கியிருந்தால் ஏறின விலைக்கு வாங்கிப்போட்ட பழைய ஸ்டாக் கழுத்தைப் பிடிக்கிறது. ஏறாமல் இறங்காமல் நின்றால் அதைவிட மோசம், மார்க்கெட்டில் அசைவே இல்லை. இந்த ஊரில் சம்பளக் கோரிக்கைக்குத் தலைமுறை தலைமுறையாகப் பதில் தயாராக இருக்கிறது. முதலாளி செலவில் கோச்சிங் படிக்கக் கேட்கிற கோரிக்கைக்கு இன்னும் யாரும் பதில் தயார் செய்யவில்லை. அந்தச் சந்தில்தான் நம்மவர் தலையை நுழைக்கிறார்.

சம்பளம் கேட்கிறவன் முதலாளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கோச்சிங் கேட்கிறவன் உட்கார்ந்து கேட்கலாம். "எனக்காகக் கேக்கல மொதலாளி, கடைக்காகக் கேக்கேன்" என்று சொல்லலாம். முப்பத்தைந்து நிமிட யூடியூப் வீடியோவில் இதை அவர் கற்றிருக்கிறார்.

இந்த இனம் வானத்திலிருந்து குதித்ததல்ல. அப்பா காலத்தில் இவர்களுடைய மூதாதையர் டைப்ரைட்டிங் போனார்கள். ஜூனியர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை, சீனியர் என்றால் 45. சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னதாக விட்டால் போதும் என்பதுதான் கோரிக்கை; ஃபீஸ் அவரவர் வீட்டுக் காசு. அதற்குப் பிறகு இந்தி. வடக்கே சேலை போகிறது, சேட்டு போனில் திட்டுகிறான், என்ன திட்டுகிறான் என்றாவது தெரிய வேண்டாமா என்று 1918-இல் காந்தி தொடங்கிவைத்த பிரச்சார சபையின் பிராத்மிக் புத்தகத்தோடு ஒருவர் அலைந்தார். அப்புறம் டேலி. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது வரலாற்றிலேயே முதல் தடவையாக முதலாளி தாமாகவே "போய்ப் படிச்சிட்டு வா" என்றார். கிளாஸ் ஆடிட்டர் ஆபீஸ் மொட்டை மாடியில் நடந்தது, இலவசம், வடையும் கொடுத்தார்கள். முதலாளி இன்றைக்கும் படிப்பு என்றால் அந்த மொட்டை மாடியைத்தான் நினைத்துக்கொள்கிறார்.

தறியின் கதை இன்னும் பழையது. தார் சுற்றிக் கொடுக்கிற பையனாக உள்ளே வந்தவன், பாவு பிணைக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்து, அறுந்த இழையை முடிந்து, அடி வாங்கி, ஒருநாள் தறிக்காரர் சாப்பிடப் போன நேரத்தில் தானே நாடாவை ஓடவிட்டுத் தொழிலாளி ஆனான். பர்மாவுக்குக் கடை வைக்கப் போன நகரத்தார்களும் பெட்டியடிப் பையனாகச் சேர்த்து, அடுத்தாளாக்கி, பிறகுதான் மேலாளாக்கி மூன்று வருஷக் கணக்குக்கு அனுப்பினார்கள். வேலை பார்த்துக்கொண்டே பழகுவது. பழகுகிற காலத்தில் கிடைப்பது சோறும் சொற்பமும். கற்றுக்கொடுப்பவனுக்குக் கற்பவன் தட்சிணை வைப்பது புராண காலத்து வழக்கம். அந்தத் தட்சிணையை மூன்றாவது ஆள் ஒருவர் கட்டவேண்டும் என்று ஊரில் முதன்முதலாகக் கேட்டவர் நம்முடைய அண்ணாச்சிதான். துணிச்சல் என்றால் இது துணிச்சல்.

இந்தப் படிப்பில் அவர் மாட்டிக்கொண்ட விதம் தனி. முதலில் ஓசி வெபினார். அதன் கடைசிப் பத்து நிமிடத்தில் 99 ரூபாய் ஒர்க்‌ஷாப். ஒர்க்‌ஷாப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் 4,999 ரூபாய் பேட்ச். அதன் கடைசியில்தான் தெரிந்தது, இதுவரை நடந்தது எல்லாம் முன்னுரை, அசலான ஒன்-டு-ஒன் லீடர்ஷிப் கோச்சிங் 45,000 ரூபாய், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜூமில். வாசலில் கும்பிட்டவரை உள்ளே இழுத்து, உள்ளே வந்தவரை அர்ச்சனை டிக்கெட் எடுக்கவைத்து, டிக்கெட் எடுத்தவரிடம் கட்டளை எழுதச் சொல்லுகிற சாமர்த்தியம். இதில் நம்மவர் ஏமாறவில்லை என்பதுதான் விசேஷம். எல்லாம் தெரிந்தேதான் போனார். பன்னிரண்டு வருஷத்தில் முதன்முறையாக ஒருத்தர் அவரிடம், "சார், அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். கடையில் யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "இதே சேர்ல" என்று பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்.

கேட்பதென்று முடிவு செய்தாகிவிட்டது. எப்போது கேட்பது? செவ்வாய்க்கிழமை முதலாளி பணம் எடுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை கல்லாவிலிருந்து பணம் வெளியே போனால் லட்சுமி போய்விடுவாள். அமாவாசை நல்ல நாள், ஆனால் விரதம். பசியில் இருக்கிற முதலாளியிடம் எதையும் கேட்கக் கூடாது என்பது கோச்சிங் இல்லாமலே தெரியும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் 20-ஆம் தேதி. அதற்கு முன்னால் பேசினால் எரிச்சல், பின்னால் பேசினால் கட்டிய பணத்தின் துக்கம். பங்குனியில் கணக்கு முடிக்க வேண்டும், சித்திரையில் வீட்டில் கல்யாணம், ஆனியில் பிள்ளைகள் பள்ளிக்கூட ஃபீஸ். மிஞ்சுவது ஆடி.

ஆடியிலும் நேரே கேட்டுவிட முடியாது. அது இந்த ஊரின் மாதம். சிவனும் திருமாலும் சங்கரநாராயணராக, ஒரே உருவில் பாதிப் பாதியாகத் தெரியவேண்டும் என்று கோமதி அம்மன் தவம் நின்ற தபசுத் திருவிழா. ஊசி முனையில் ஒற்றைக் காலில் நின்றதாகச் சொல்வார்கள். கொடியேறின நாளிலிருந்து பக்தர்கள் ஆடிச்சுற்று சுற்றுகிறார்கள். தபசு அன்றைக்கு, விளைந்த பருத்தியையும் வற்றலையும் அம்மன் சப்பரத்தின் மேல் சூறை விடுகிறார்கள். கோச்சிங் அண்ணாச்சியும் சுற்றினார். சுற்றும்போது அவருக்கு உள்ளூர ஒரு தைரியம் வந்தது. அம்மனே ஒற்றைக் காலில் நின்றுதான் கேட்டதை வாங்கியிருக்கிறாள். நமக்கு இரண்டு கால் இருக்கிறது. தபசு முடிந்த மூன்றாம் நாள், வியாபாரம் கொஞ்சம் ஓய்ந்திருந்த மத்தியானத்தில், பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துக்கொண்டு போய் முதலாளி முன்னால் நின்றார்.

"என்னய்யா?"

"ஒரு இன்வெஸ்ட்மென்ட் விஷயம் மொதலாளி."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். நிலமாக இருக்கும் என்று நினைத்தார்.

அண்ணாச்சி ஆரம்பித்தார். கூகுளில் எரிக் ஷ்மிட் என்று ஒருத்தர் தலைவராக இருந்தார், அவருக்கே ஒரு கோச் இருந்தார், பெயர் பில் கேம்ப்பெல், ஆதியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து கோச், பிறகு ஸ்டீவ் ஜாப்ஸுக்கே ஆலோசனை சொன்னவர், 2016-இல் அவர் இறந்த பிறகு ஷ்மிட் அவரைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

"அந்தக் கேம்ப்பெலுக்குக் கூகுள்காரன் எவ்வளவு குடுத்தான்?"

இங்கேதான் அண்ணாச்சி தடுமாறினார். அவர் நேர்மையான ஆள். புத்தகத்தை முழுக்கப் படித்தது வினையாகப் போயிற்று. "அவரு... காசு வேண்டாம்னுட்டாராம்."

"அப்படியா சங்கதி. நீயும் அப்படி ஒருத்தனைப் பாரு. நான் தடுக்கலை."

இரண்டாவது அஸ்திரம் உள்ளூர்ச் சரக்கு. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011-இல் ஸோஹோ ஆபீஸ் போட்டார்கள். அந்தக் கம்பெனி தன் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளிடம் ஃபீஸ் வாங்குவதில்லை, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுக்கிறது. படிக்கிறவனுக்கு முதலாளி காசு கொடுக்கிறான் மொதலாளி, நம்ம ஜில்லாவிலேயே!

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "அவன் சாப்ட்வேர் விக்கான். அது கிழியுமா? சாயம் போவுமா? நம்ம சேலையை நாலு தண்ணி பாத்துட்டுத் திருப்பி அனுப்புதான். வித்த சரக்கு திரும்பி வராத யாவாரத்துல எதை வேணாலும் இலவசமாக் குடுக்கலாம்." இதற்கு யாராலும் மறுப்புச் சொல்ல முடியாது.

மூன்றாவதாக ஃபைலில் இருந்த கொட்டேஷனை நீட்டினார். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே இல்லை, கீழிருந்து மேலே படித்தார். வியாபாரிகள் அப்படித்தான் படிப்பார்கள். தொகைதான் முதல், விவரம் பிறகு.

"ஜி.எஸ்.டி. நம்பர் எங்க? பதினெட்டு பர்சென்ட் போட்டுப் பில் குடுத்தா நாம இன்புட்டாவது எடுக்கலாம்ல?"

"அவங்க ரெஜிஸ்ட்ரேஷன் எடுக்கல மொதலாளி. சர்வீஸுக்கு வருஷ டர்ன்ஓவர் இருபது லட்சம் தாண்டினாத்தான் எடுக்கணும்."

நீண்ட அமைதி. வெளியே தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இவன் மத்தவனையெல்லாம் கோடீஸ்வரன் ஆக்கப்போறவன். இன்னும் இருபது லட்சம் தாண்டலை. அப்படித்தானே?"

வழக்கமான சிப்பந்தி இந்த இடத்தில் ஃபைலை மூடியிருப்பார். கோச்சிங் அண்ணாச்சி மூடுவதில்லை. 4,999 ரூபாய் பேட்ச்சில் அவருக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே உருப்படியான பாடம், 'இல்லை' என்று சொன்ன பிறகும் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிற்பது. நின்றார்.

வீட்டில் நிலைமை இதைவிடக் கடுமை. மச்சினன் பேங்கில் வேலை பார்க்கிறான். 1928-லிருந்தே பேங்க்காரர்களுக்கென்று ஒரு இன்ஸ்டிடியூட் இருக்கிறது. அது நடத்துகிற ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. பரீட்சைகளைப் பாஸ் செய்தால் கட்டின ஃபீஸும் திரும்பி வருகிறது, சம்பளத்திலும் ஏறுகிறது. "எங்க அண்ணன் படிச்சா பேங்கு காசு குடுக்கு. நீங்க படிச்சா நாம குடுக்கணுமாக்கும்?" என்று வீட்டுக்காரி கேட்டபோது, அது கேள்வியா முடிவா என்று அண்ணாச்சிக்குப் புரியவில்லை. 4,999 எங்கேயிருந்து போனது என்பதை அவர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. மகள் சடங்குக்கு வந்த மொய்க் கவர் ஒன்றுக்கு அது தெரியும்.

முதலாளியைக் கஞ்சன் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். நியாயம் ஆகாது. அவரும் ஆலோசனைக்குக் காசு செலவழிக்கிறவர்தான். ஜோசியருக்குக் கொடுக்கிறார், வாஸ்து பார்த்து வாசலை இரண்டடி தள்ளி வைத்தார், பெயரில் ஒரு எழுத்து கூட்டினார். மகனை வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்கவைத்த செலவைக் கம்பெனிக் கணக்கில் எழுதலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டதும் உண்டு. இப்படி எழுதி, வருமான வரிக்காரர் ஒத்துக்கொள்ளாமல், உயர் நீதிமன்றம் வரைக்கும் போன முதலாளிமார் இந்த நாட்டில் இருக்கிறார்கள். சிலருக்குத் தேறியது, பலருக்குத் தேறவில்லை. ஆடிட்டர் அதைச் சொன்னபோது பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தவர் நம்முடைய அண்ணாச்சி. அதனால்தான் முதலாளிக்கு அவரை ஒரேயடியாக விரட்டவும் முடியவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இந்த ஊர்த் தீர்ப்பு எப்போதும் சங்கரநாராயணர் தீர்ப்புதான், ஒரு பாதி இங்கே, ஒரு பாதி அங்கே. "இருபத்திரெண்டாயிரத்து ஐநூறு நீ போடு, இருபத்திரெண்டாயிரத்து ஐநூறு நான் போடுதேன். ஆனா படிச்சிட்டு ராஜபாளையத்துக்காரன் கூப்பிட்டான்னு போயிரக் கூடாது. எழுதிக் குடு."

ஒப்பந்தப் பத்திரம் என்று முதலாளிக்குத் தோன்றியதற்கும் காரணம் வாட்ஸ்அப்தான். 2025 மே மாதம் விஜயா பேங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மூன்று வருஷத்துக்குள் வேலையை விட்டால் இரண்டு லட்சம் கட்டவேண்டும் என்று அதிகாரி எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் செல்லும் என்று. வியாபாரிகள் குரூப்பில் அது பதினேழு தடவை சுற்றியது. அண்ணாச்சியும் சும்மா இல்லை, 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவை எடுத்துப் பேசினார்: வேலையை விட்டுப் போன பிறகு ஒருத்தன் வேறு எங்கேயும் பிழைக்கக் கூடாது என்று எழுதி வாங்கினால் செல்லாது. "நீ எங்க வேணாலும் பிழை. என் இருபத்திரெண்டாயிரத்து ஐநூறை வச்சிட்டுப் போயிப் பிழை" என்றார் முதலாளி. சட்டப்படியும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் அண்ணாச்சி தோற்றதுபோல் இருக்கும். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நோட்டரி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பத்திரத்தை அவர் மூன்று தடவை படித்தார். பன்னிரண்டு வருஷம் இதே நாற்காலி. ஒருநாள்கூட முதலாளி அவர் போய்விடுவாரோ என்று கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இப்போது முத்திரைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, இவனை எவனாவது கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று பயப்படுகிறார்! அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். வீட்டுக்காரியிடம் காட்டினார். மச்சினனுக்கும் அனுப்பினார்.

வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போனைத் தார் பெட்டியில் சாய்த்துவைத்துத்தான் முதல் ஞாயிறு உட்கார்ந்தார். "உங்க கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளிய வாங்க" என்றார் கோச். சிக்னலும் கிடைக்கவில்லை, வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். அதிலிருந்து எல்லா வகுப்பும் வேப்பமரத்தடியில்தான். பின்னால் என்ன சத்தம் என்று கோச் கேட்டார். தறி என்றார். தறியை நிறுத்தச் சொல்ல முடியுமா என்றார் கோச். அந்தக் கேள்வியோடு கோச்சின் தொழிலனுபவம் எவ்வளவு என்று அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் காசு கட்டியாகிவிட்டது.

மூன்றாம் வாரம் முதலாளி கேட்டார். "என்ன சொல்லிக் குடுக்கான்?"

"கோச் எதையும் சொல்லித்தர மாட்டாரு மொதலாளி. கேள்விதான் கேப்பாரு. பதிலு நமக்குள்ளயே இருக்குன்னு அவங்க சித்தாந்தம்."

"கேள்வி கேக்கதுக்கா நாப்பத்தஞ்சாயிரம்? சாயங்காலம் கல்லாவுல ஏன் குறையுதுன்னு நானும் தினம் கேக்கேன். எனக்கு எவன் குடுத்தான்?"

அண்ணாச்சி மனம் தளரவில்லை, தானே கோச் ஆகிவிடுவது என்று பார்த்தார். 1995-இல் அமெரிக்காவில் தொடங்கின சர்வதேசக் கோச்சிங் சம்மேளனத்தின் முதல் படிச் சான்றிதழ் வாங்க நூறு மணி நேரம் பிறருக்குக் கோச்சிங் கொடுத்த அனுபவம் வேண்டும். கடைசிப் படிக்கு 2,500 மணி. நூறு மணியைச் சேர்க்க ஆள் வேண்டுமே. மூட்டை இறக்குகிறவரைப் பிடித்து உட்காரவைத்து, "வாழ்க்கையில உங்க உண்மையான இலக்கு என்ன?" என்று கேட்டார். "நாலு மணி கழுகுமல பஸ்ஸு. விடுங்கண்ணாச்சி, போயிரும்" என்றார் அவர். அரை மணி என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

தீபாவளிக் கணக்கு முடிக்கும்போதுதான் இருபத்திரெண்டாயிரத்து ஐநூறின் முழு உருவம் தெரிந்தது. முதலாளி போட்டது நன்கொடை இல்லை, அட்வான்ஸ், போனஸில் கழித்துக்கொள்வார். கழிக்கிற கணக்கை எழுத வேண்டியவரும் அண்ணாச்சியே. எழுதிவிட்டு முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டி, உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், "நான் போட்டது என் பங்கு மொதலாளி, இது நீங்க போடுதேன்னு சொன்ன பங்கு. பத்திரத்துலயும் அப்படித்தான் எழுதியிருக்கு" என்றார். சொல்லிவிட்டு முகத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். முதலாளி பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக் கீழிருந்து மேலே படித்தார். கழிக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணக்கில் அந்தக் கழிவு வரியைப் பேனாவால் அடித்துவிட்டு டீ சொல்லி அனுப்பினார்.

இப்போது தொகை கடைச் செலவில் நிற்கிறது, எந்தத் தலைப்பில் என்று ஆடிட்டருக்குக் குழப்பம். ஜோசியருக்குக் கொடுப்பது 'இதர செலவு'. நூல் கமிஷன் வேறு. கடைசியில் ஊழியர் நலன் என்கிற தலைப்பைத் திறந்தார்கள். போன வருஷம் அதன் கீழே ஒரே ஒரு வரிதான் இருந்தது. இந்த வருஷம் இரண்டு: ஆயுத பூஜைப் பொரி கடலை, 640 ரூபாய். லீடர்ஷிப் கோச்சிங், 22,500. முதலாளி இரண்டையும் பார்த்துவிட்டுப் பொரி கடலைக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டார்.